கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: சிகிச்சைக்கு முன் பெட் சிடி எதற்கு? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு ஸ்கேன் மையத்தின் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, நோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கும் பெட் சிடி ஸ்கேன் இங்கேதான் எடுப்போம். சொந்த ஊர் தொண்டிப் பக்கம். பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஊசி போடும் அறையில் ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும், டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் என்னிடம் கேட்பார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பயாப்சியில், அதாவது துளிச் சதை எடுத்துச் சோதித்ததில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று உறுதியாகி, இன்னும் சிகிச்சை தொடங்காதவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இது. ஒவ்வொருவர் உடம்பும் வேறு. கடைசி முடிவு உங்களைப் பார்க்கும் டாக்டருடையது.

பயாப்சியிலேயே புற்றுநோய் என்று வந்துவிட்டது. அப்புறம் எதற்கு இன்னொரு ஸ்கேன்?

பயாப்சி சொல்வது நோய் என்ன என்பதை. அது எதுவரை போயிருக்கிறது என்பதை அந்தத் துளிச் சதையிலிருந்து சொல்ல முடியாது. சிகிச்சையோ முழுக்க முழுக்க அதைப் பொறுத்தது.

நோய் கர்ப்பப்பை வாயோடு நின்றிருந்தால் முதல் நிலை. பக்கத்துத் திசுவுக்கோ பிறப்புறுப்புப் பாதையின் மேல்பகுதிக்கோ போயிருந்தால் இரண்டாம் நிலை. பாதையின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பின் உட்சுவர் வரை எட்டியிருந்தாலோ, சிறுநீர்க் குழாயை நெரித்து சிறுநீரகம் வீங்கியிருந்தாலோ, இடுப்பிலோ வயிற்றிலோ நெறிகளுக்குள் (நிணநீர்க் கணுக்கள்) புகுந்திருந்தாலோ மூன்றாம் நிலை. சிறுநீர்ப்பை, மலக்குடலின் உட்புறம் வரை அரித்திருந்தாலும், நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று தூரத்துக்குப் போயிருந்தாலும் நான்காம் நிலை.

முதல் நிலையில் கட்டி சின்னதாக இருந்தால் அறுவை சிகிச்சை. அதற்கு மேலே பெரும்பாலும் கதிர்வீச்சும், அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும். கதிர்வீச்சு என்றாலும் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று பார்க்கத்தான் ஸ்கேன்.

எங்கள் ஊரில் ஒருவர், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, ஸ்கேனுக்கெல்லாம் ஏன் அலைகிறீர்கள் என்கிறாரே?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ரத்தப்போக்கு என்று போன பெண்ணுக்கு நோய் எதுவரை என்று பார்க்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, எடுத்த சதையைச் சோதித்த பிறகு புற்றுநோய் என்று தெரிந்து, அதற்கப்புறம் எங்களிடம் அனுப்புவது இன்னமும் நடக்கிறது. புற்றுநோய்க்குச் செய்யும் கர்ப்பப்பை அறுவை சிகிச்சையே வேறு. பக்கத் திசுவையும் நெறிகளையும் சேர்த்து எடுப்பார்கள். சாதாரணமாகக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் நோய் மிச்சம் நிற்கும். அப்புறம் கதிர்வீச்சும் வேண்டும். அறுத்த வயிற்றில் குடல் ஒட்டிக் கிடக்கும்போது கதிர் வைத்தால் தொந்தரவும் கூடும். நெறிகளில் நோய் இருப்பது முதலிலேயே தெரிந்தால் பெரும்பாலான டாக்டர்கள் கத்தியைத் தொடாமல் நேரே கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் போவார்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டு பெரிய சிகிச்சையின் வேதனையும் வராமல் தடுப்பதில் சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனுக்குப் பெரிய பங்கு உண்டு.

எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டது. பெட் சிடியும் வேண்டுமா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. இடுப்புப் பகுதி எம்ஆர்ஐ, கட்டியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறது. கட்டி இரண்டு சென்டிமீட்டரா நான்கா, பக்கத் திசுவுக்குள் கசிந்திருக்கிறதா, சிறுநீர்ப்பைச் சுவரைத் தொட்டிருக்கிறதா என்பதற்கெல்லாம் எம்ஆர்ஐதான் கெட்டி. இந்த விஷயத்தில் பெட் சிடி அதற்கு ஈடாகாது.

நெறிகளில் கதை வேறு. சிடியும் எம்ஆர்ஐயும் நெறியை முக்கியமாக அளவை வைத்து எடைபோடும். குறுக்களவு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படும். எட்டு மில்லிமீட்டர் நெறிக்குள் நோய் உட்கார்ந்திருந்தால் அளவு மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அது சாதாரண நெறிதான். பெட் பார்ப்பது அந்த நெறி எவ்வளவு சர்க்கரையை உறிஞ்சுகிறது என்பதை. அதனால் சின்ன நெறியையும் பல நேரம் பிடித்துவிடும். கழுத்திலிருந்து தொடை வரை ஒரே தடவையில் பார்த்துவிடுவதால், இடது கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் நெறி, நுரையீரல் என்று யாரும் தேடியிருக்காத இடமும் தப்பாது.

ஆக, கட்டிக்கு எம்ஆர்ஐ, நெறிக்கும் தூரத்துக்கும் பெட் சிடி. இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் டாக்டர்கள் முடிவெடுப்பார்கள்.

அந்த மெஷின் எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

சர்க்கரை மாதிரியே இருக்கும் ஒரு மருந்தில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டி ஊசியில் ஏற்றுவோம். எஃப்டிஜி என்பார்கள். வேகமாகப் பெருகும் செல்லுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். இதை அள்ளி உள்ளே போட்டுக்கொள்ளும், ஆனால் செரிக்க முடியாது. அங்கேயே தேங்கி நிற்கும் அணுவிலிருந்து பாசிட்ரான் என்ற துகள் கிளம்பி, அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழியும். அப்போது எதிரெதிர்த் திசையில் இரண்டு கதிர்கள் பாயும். நீங்கள் படுத்திருக்கும் வளையத்தில் இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் அவை விழுவதை வைத்து, கிளம்பிய இடத்தை கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

பெட் படம் மட்டும் இருந்தால், ராத்திரி நடுக்கடலில் தெரியும் விளக்கு மாதிரி. வெளிச்சம் தெரியும், எந்தப் படகு, கரையிலிருந்து எத்தனை தூரம் என்று சொல்ல முடியாது. கூடவே சிடி எடுத்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தும்போதுதான், இந்த வெளிச்சம் சிறுநீர்க் குழாயில் தேங்கிய சிறுநீரா, அதை ஒட்டிய நெறியா என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. இரண்டையும் ஒரே மெஷினில் இணைத்த முதல் மாதிரி 1998-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வேலைக்கு வந்தது. டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் இருவரும் செய்தது.

எல்லாருக்குமே இது தேவையா?

இல்லை. நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவுக்கு மிக ஆரம்ப நிலை என்றால் இதனால் பெரிய லாபம் கிடையாது. கட்டி நான்கு சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள், பக்கத் திசுவுக்குப் போனவர்கள், எம்ஆர்ஐயில் நெறி சந்தேகமாகத் தெரிந்தவர்கள், இவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

பெட் எம்ஆர்ஐ என்று ஒன்று இருக்கிறதாமே? சென்னைக்குப் போய் அதை எடுக்கலாமா?

பெட்டும் எம்ஆர்ஐயும் ஒரே மெஷினில். நல்ல கருவிதான், சிடியின் கதிர்வீச்சு இருக்காது, கட்டியும் நெறியும் ஒரே படுக்கையில் தெரிந்துவிடும். ஆனால் நம் நாட்டில் அந்த மெஷின் அரிது, செலவும் அதிகம். பெட் சிடி ஒரு நாள், இடுப்பு எம்ஆர்ஐ ஒரு நாள் என்று எடுத்தாலே சிகிச்சைக்கு வேண்டிய விவரம் கிட்டத்தட்ட முழுதும் கிடைத்துவிடும். அதற்காக அலைந்து இரண்டு வாரத்தை இழக்காதீர்கள்.

ஸ்கேனுக்கு முதல் நாளும் அன்று காலையும் என்ன செய்ய வேண்டும்?

இதில்தான் நம் பக்கத்துப் பெண்களுக்கு நான் தனியாகச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலாவது, உடம்பு உழைப்பு. பாசி எடுக்க முங்குகிறவர்கள், மீன் கூடை சுமக்கிறவர்கள், கருவாடு காயவைத்து அள்ளுகிறவர்கள் முதல் நாள் வேலைக்குப் போகக் கூடாது. முடிந்தால் அதற்கு முந்தின நாளும் ஓய்வு. உழைத்த தசை ஊசிச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். படத்தில் தோளும் தொடையும் பளீரென்று எரியும். நோய்க்குப் போக வேண்டிய மருந்து சதைக்குப் போயிருக்கும். சின்னப்பாலத்திலிருந்து வரும் ஒரு அக்காவிடம் “நேற்று என்ன வேலை பார்த்தீங்க?” என்று நான் முதலில் கேட்பது இதனால்தான். ஒரு நாள் கூலி போகுமே என்று மறைக்க வேண்டாம். படம் கெட்டால் திரும்ப ஒருமுறை மதுரைக்கு வர வேண்டும்.

இரண்டாவது, வயிறு. ஊசி போடுவதற்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். காப்பி, டீ, பதநீர், இளநீர் எதுவும் கூடாது. வழியில் பரமக்குடியில் பஸ் நின்றதும் “ஒரு கருப்பட்டிக் காப்பி மட்டும்தான் குடிச்சேன்” என்று வருவார்கள். அந்த ஒரு டம்ளர் போதும், ரத்தச் சர்க்கரை ஏறிவிடும். முதல் நாள் ராத்திரியும் சோறு, இனிப்பைக் குறைத்து மீன், முட்டை, காய் என்று சாப்பிடுவது நல்லது.

மூன்றாவது, வெற்றிலை. மெல்லாதீர்கள். தாடைத் தசை வேலை செய்தால் அதுவும் எரியும். ஊசி போட்ட பிறகு தொடர்ந்து பேசினால் குரல்வளைத் தசைகூட மினுங்கும். அதனால்தான் ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் உங்களைத் தனியாகப் படுக்கவைத்துப் பேசாமல் இருக்கச் சொல்கிறோம். கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

நான்காவது, குளிர். குளிரில் நடுங்கினால் கழுத்து, தோள் பக்கம் உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை எரிக்க ஆரம்பித்துவிடும். ஏசி பஸ்ஸில் ராத்திரி முழுக்க விறைத்துக்கொண்டு வராதீர்கள். ஒரு போர்வை எடுத்துவாருங்கள்.

அப்புறம் நேரம். ஃப்ளூரின்-18 நூற்றுப்பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பல மையங்களுக்கு அன்றன்றைய மருந்து, இந்த அணுவைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் மெஷின் இருக்கும் வேறு ஊரிலிருந்து வண்டியில் வருகிறது. எட்டு மணிக்கு வரச் சொல்லி நீங்கள் பத்துக்கு வந்தால், உங்களுக்கென்று வைத்த மருந்தில் பாதி காணாமல் போயிருக்கும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து 170. பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து தீவிலிருந்தே மறுபடி ரயில் ஏறலாம். ஆனாலும் தூரத்துக்காரர்கள் முதல் நாளே வந்து தங்கிவிடுவதுதான் நிம்மதி.

எனக்குச் சுகர் இருக்கிறது. மாத்திரையை என்ன செய்வது?

ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்கேனைத் தள்ளி வைப்பார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் ஊசிச் சர்க்கரையைச் செல்கள் சீந்தாது. மெட்ஃபார்மின் மாத்திரை குடலை எரியவைத்து, அதன் பின்னால் இருப்பதை மறைத்துவிடும் என்பதால் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்வது உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்கேன் தேதி கிடைத்ததும் சுகர் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலினும் அப்படித்தான்: சர்க்கரையைக் குறைக்கிறேன் என்று காலையில் போட்டுக்கொண்டு வந்தால் மருந்து முழுக்கத் தசைக்குள் ஓடிவிடும். சுகர்காரர்கள் காலை முதல் நேரமாகக் கேட்டு வாங்குங்கள்.

ரமலான் மாதம். நோன்போடு ஸ்கேன் எடுக்கலாமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பெண்கள் வருடா வருடம் கேட்பது. சாப்பிடாமல் இருப்பது ஸ்கேனுக்குச் சரிதான். ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது சரிப்படாது. ஊசிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துக்கொண்டே இருந்தால்தான் மருந்து வெளியேறும், படமும் தெளிவாக வரும். நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ள மார்க்கத்திலேயே இடம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெருநாள் முடியட்டும் என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் விரும்பவில்லை.

எனக்கு இறாலும் நண்டும் ஒத்துக்காது. இந்த மருந்தில் அயோடின் இருக்கிறதாமே?

பெட் ஊசியில் அயோடினே கிடையாது. கூடவே எடுக்கும் சிடிக்குச் சில நேரம் அயோடின் கலந்த சாய மருந்து கொடுப்பார்கள். இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ஒரு புரதம், அயோடின் அல்ல. அதனால் நண்டு தின்று உடம்பெல்லாம் தடித்தவர் என்பதற்காக மட்டும் சாய மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. முன்பு ஏதாவது ஸ்கேனில் சாய மருந்து போட்டு ஒத்துக்காமல் போயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்தச் சோதனை ரிப்போர்ட்டையும் கொண்டுவாருங்கள். இந்த நோயில் சிறுநீர்க் குழாய் நெரிபட்டுச் சிறுநீரகம் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு; சாய மருந்துக்கும் சரி, பின்னால் சிஸ்பிளாட்டினுக்கும் சரி, சிறுநீரகக் கணக்கு தெரிந்தாக வேண்டும்.

தாலியைக் கழற்ற வேண்டுமா?

எம்ஆர்ஐக்குக் கழற்றத்தான் வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கிற ஊக்கு இருக்கிறதே, அது இரும்பு. மெஷின் வாசலிலேயே கழுத்தோடு இழுக்கும். ஒரு சங்கிலியில் நாலைந்து ஊக்குத் தொங்குவது சாதாரணம். கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மனசு கேட்காதவர்கள் வெறும் மஞ்சள் கயிற்றோடு படுத்துக்கொள்ளலாம். அதில் உலோகம் எதுவும் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கருகமணி போடுகிறவர்களும் கொக்கியைப் பார்க்க வேண்டும். பெட் சிடிக்குக் காந்தம் கிடையாது. ஆனால் உலோகம் படத்தில் கோடு கோடாக விழும் என்பதால் அங்கேயும் கழற்றச் சொல்வோம். காப்பர்-டி இருந்தால் சொல்லிவிடுங்கள். அது பெரும்பாலும் தடை இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப் வைத்தவர்கள் எம்ஆர்ஐக்கு முன்பே சொல்ல வேண்டும்.

உள்ளே என்ன நடக்கும்? வலிக்குமா?

கையில் ஒரு ஊசி, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் இருட்டறையில் படுத்திருப்பீர்கள். ஸ்கேனுக்கு முன் கட்டாயம் சிறுநீர் கழித்துவரச் சொல்வோம். இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் போகிறது; கர்ப்பப்பை வாய்க்கு நேர் முன்னால் இருப்பதோ சிறுநீர்ப்பை. அது நிறைந்திருந்தால் அதன் வெளிச்சம் கட்டியை அமுக்கிவிடும். சிலருக்கு நீர் பிரிய ஊசி போட்டு, இடுப்பை மட்டும் மறுபடி ஒரு படம் எடுப்பதும் உண்டு. மெஷினுக்குள் இருபது நிமிடம் போல. அகலமான வளையம்தான், எம்ஆர்ஐ மாதிரி தடதடவென்று சத்தமும் இருக்காது.

மாதவிடாய் எப்போது வந்தது, பயாப்சி என்றைக்கு எடுத்தார்கள், காலில் புண் இருக்கிறதா, சமீபத்தில் ஏதாவது தடுப்பூசி போட்டீர்களா, வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்று கேட்போம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் கர்ப்பப்பையின் உட்சுவர் தானாகவே எரியும். தடுப்பூசி போட்ட கைப் பக்கம் அக்குள் நெறி எரியும். பாறையில் கால் கிழித்த புண்ணோடு வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கும், அதுவும் எரியும். சொல்லாமல் விட்டால் படம் பார்க்கும் டாக்டர் வீணாகச் சந்தேகப்பட வேண்டிவரும்.

கதிரியக்க மருந்து என்கிறீர்கள். வீட்டில் பேரப்பிள்ளை இருக்கிறது. ஆபத்தா?

எடுக்கும் சிடியைப் பொறுத்து மொத்தம் சுமார் 10 முதல் 25 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கதிர்வீச்சு விழும். இயற்கையிலிருந்து எல்லாருக்கும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 விழுகிறது. ஆகவே அதைவிடப் பல மடங்கு அதிகம்தான். காரணம் இல்லாமல் எடுக்கக் கூடாது. ஆனால் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஸ்கேனுக்கு இது தகுந்த விலை. மருந்து அன்று இரவுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து, அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளாமல், கர்ப்பிணிப் பக்கத்தில் ஒட்டி உட்காராமல் இருந்தால் போதும். துணைக்குக் கர்ப்பிணியையோ குழந்தையையோ கூட்டிவர வேண்டாம். நீங்களே கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் ஊசிக்கு முன் சொல்லுங்கள், வழியே வேறு.

ரிப்போர்ட்டில் “எஸ்யூவி 14” என்று இருக்கிறது. பதினான்கு என்றால் முற்றிவிட்டதா?

எஸ்யூவி என்பது அந்த இடம் எவ்வளவு மருந்தை இழுத்தது என்பதற்கு ஒரு எண். அது நோயின் நிலை கிடையாது. சுகர், எடை, ஊசிக்கும் படத்துக்கும் இடையிலான நேரம், மெஷின் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எட்டு, எனக்குப் பதினான்கு என்று ஒப்பிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டு என்று எழுதியிருந்தவருக்கு நோய் அதிக தூரம் போயிருக்கலாம். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது எந்தெந்த இடம் என்பதைத்தான்.

நெஞ்சில் நெறி மினுங்குகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நெஞ்சு வரை பரவிவிட்டதா?

பதற வேண்டாம். பெட்டில் எரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை. சண்டை போடும் வெள்ளை அணுக்களும் சர்க்கரை தின்னும். நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். எப்போதோ வந்து ஆறிய, வந்ததே தெரியாத காசநோய்கூட நெஞ்சு நெறிகளில் இப்படித் தெரியலாம். இடுப்பிலும் வயிற்றிலும் எதுவும் இல்லாமல், நெஞ்சில் மட்டும் இரண்டு பக்கமும் சமமாக மினுங்கினால் அனுபவப்பட்ட டாக்டர் சட்டென்று நான்காம் நிலை என்று எழுதிவிட மாட்டார். சந்தேகம் சிகிச்சையையே மாற்றும் அளவுக்கு இருந்தால் அந்த நெறியில் ஊசி விட்டு உறிஞ்சிச் சோதிக்கச் சொல்லுவார். இதை நீங்களே கேட்கலாம்: “டாக்டர், இந்த நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கணுமா?”

எதிர்ப்பக்கமும் உண்டு. ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் நோயை பெட் தவறவிடலாம். எதுவும் எரியவில்லை என்பதால் எங்கும் இல்லை என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

3சி1ஆர் என்று எழுதியிருக்கிறார்கள். போன மாதம் 2பி என்றார்களே, அதற்குள் முற்றிவிட்டதா?

ஒரு மாதத்தில் நோய் ஓடியதாக அர்த்தமில்லை. இப்போதுதான் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். ஃபீகோ என்ற உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் கணக்குப்படிதான் இந்த நிலைகளை எழுதுகிறோம். முன்பெல்லாம் இது முக்கியமாகக் கையால் பரிசோதித்துச் சொல்லும் கணக்கு. நெறியில் நோய் இருந்தாலும் நிலை மாறாது. 2018-இல் அதைத் திருத்தி, ஸ்கேனில் தெரிவதையும் சேர்த்தார்கள். இடுப்பு நெறியில் இருந்தால் 3சி1. பெருந்தமனி ஓரமாக வயிற்றின் மேலே ஏறியிருந்தால் 3சி2. கடைசியில் வரும் ஆர், ஸ்கேனை வைத்துச் சொன்னது என்பதற்கு அடையாளம். சதை எடுத்து உறுதிசெய்திருந்தால் அந்த இடத்தில் பி வரும்.

இதில் 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. 3சி1 என்றால் கதிர்வீச்சு பெரும்பாலும் இடுப்போடு நிற்கும். 3சி2 என்றால் எல்லையை மேலே சிறுநீரகம் இருக்கும் உயரம் வரை நீட்டுவார்கள். நோயுள்ள நெறிக்குத் தனியாகக் கொஞ்சம் கூடுதல் கதிரும் குறிவைத்துக் கொடுப்பார்கள். இரண்டுமே குணமாக்கும் நோக்கத்தில் செய்யும் சிகிச்சைதான். மூன்றாம் நிலை என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெட் சிடிக்குத் தேதி கிடைக்கவில்லை, பணமும் இல்லை. தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போன பிறகு வரலாமா?

வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள். வெளியிலிருந்து வைக்கும் கதிர்வீச்சு, கூடவே மருந்து, கடைசியில் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு எல்லாம் சேர்ந்து 56 நாளுக்குள், அதாவது எட்டு வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்பதுதான் இந்த நோய்க்கு விதி. நீங்கள் காத்திருக்கும் நாட்களில் முழுச் சிகிச்சையே முடிந்துவிடும். சொல்லப்போனால் வீட்டு ஆம்பிளைகள் கரையில் இருக்கும் அந்த மாதங்கள்தான் துணைக்கு வர வசதி.

பெட் சிடி இல்லாவிட்டால் சிகிச்சையே இல்லை என்பதும் கிடையாது. நெஞ்சு, வயிறு, இடுப்பு சிடியும் ஒரு எம்ஆர்ஐயும் வைத்துத் திட்டம் போடும் மருத்துவமனைகள் ஏராளம். பெட் தேதிக்கு மூன்று நாலு வாரம் ஆகும் என்றால், “அது இல்லாமலே ஆரம்பிக்கலாமா?” என்று கதிர்வீச்சு டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். தாமதத்தால் வரும் நஷ்டம் ஸ்கேனால் வரும் லாபத்தை விழுங்கிவிடக் கூடாது.

செலவுக்கு என்ன வழி?

தனியாரில் பெட் சிடி பொதுவாகப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்தான். எங்கேயும் பணம் கட்டுவதற்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்றோடு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சை பார்க்கப்போகும் மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில், “இந்த ஸ்கேன் திட்டத்தில் வருமா, எந்த மையத்துக்குக் கடிதம் தருவீர்கள்?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெளியில் எடுத்துவிட்டு பில்லைக் கொண்டுபோனால் பணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுத்த பிறகு ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள். கதிர்வீச்சுக்குக் கோடு போடுகிறவருக்குத் தாளைவிட அந்தப் படம்தான் வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் உடனே இன்னொரு பெட் எடுத்துப் பார்க்கலாமா?

உடனே எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். கதிர் பட்ட திசு புண்ணாகி ஆறிக்கொண்டிருக்கும். அதுவும் எரியும், நோய் மிச்சம் இருப்பது போலவே தெரியும். சுமார் மூன்று மாதம் கழித்து எடுப்பதுதான் வழக்கம். அதற்கு முன் நாலு முதல் ஆறு வாரத்திலிருந்தே டாக்டர் உள்பரிசோதனைக்கு வரச் சொல்லுவார், அதைத் தவறவிடாதீர்கள். சிகிச்சைக்கு முன் எடுத்த படங்கள் பதிந்த சிடி தட்டையும் அன்றைக்குக் கையோடு கொண்டுவாருங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் புதியதைப் படிக்க முடியும்.